லிம்மூட்: தலைமை ரபியும் பட்டமில்லாப் பெயர் அட்டையோடு வரும் கற்றல் விழா (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

யூதர்கள் என்று பேச்சை எடுத்தாலே நாம் நேராக அரசியலுக்குப் போய்விடுகிறோம். அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள், படிப்பதற்கென்றே ஏன் ஊர் கூட்டுகிறார்கள் என்பதைப் பற்றித் தமிழில் அதிகம் படித்த நினைவு எனக்கில்லை. அந்தப் படிப்பு முறை மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனால் பிரிட்டனில் பிறந்த ‘லிம்மூட்’ விழாவையும், 2013-ல் அந்நாட்டுத் தலைமை ரபி (ரபி என்றால் யூத சமய ஆசிரியர்) அங்கே வந்தது ஏன் அவ்வளவு பெரிய விஷயமாயிற்று என்பதையும் கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

லிம்மூட் என்பது என்ன?

யூத சமயம், வரலாறு, சட்டம், இசை, சமையல், அரசியல், தத்துவம் எல்லாவற்றையும் கூடி உட்கார்ந்து படிக்கும் விழா. லிம்மூட் என்ற ஹீப்ரு சொல்லுக்குக் கற்றல் என்று பொருள். பிரிட்டனில் டிசம்பர் கடைசி வாரத்தில், ஊரே கிறிஸ்துமஸ் விடுமுறையில் இருக்கும்போது, பல நாள் தங்கிப் படிக்கிற மாதிரி நடக்கிறது. காலையில் தொடங்கி இரவு வெகுநேரம் வரை, ஒரே நேரத்தில் பல அறைகளில் பல வகுப்புகள் ஓடும். ஒரு அறையில் ஒரு ரபி தல்மூத்தின் (பழைய யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பெரிய தொகுப்பு) ஒரு பத்தியை வரிவரியாகப் பிரித்துக்கொண்டிருப்பார், பக்கத்து அறையில் ஒரு கல்லூரி மாணவி தன் பாட்டியின் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பாள், அதற்கடுத்த அறையில் பாட்டு. எதற்குப் போவது என்பது அவரவர் விருப்பம். பிடிக்கவில்லையா, பாதியில் எழுந்து வேறு அறைக்குப் போகலாம். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

யார் தொடங்கினார்கள்?

1980-ல் கிளைவ் லாட்டன் உள்ளிட்ட சில இளம் யூதக் கல்வியாளர்கள். அமெரிக்காவில் யூத ஆசிரியர்களுக்காக நடந்துகொண்டிருந்த ஒரு மாநாட்டைப் பார்த்து, இங்கேயும் இப்படி ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். முதல் கூட்டத்தில் நூறு பேர்கூட இல்லை. ஆசிரியர்களுக்கென்று ஆரம்பித்தது கொஞ்ச காலத்தில் குடும்பத்தோடு எல்லோரும் வருகிற விழாவாக வளர்ந்துவிட்டது.

ரபி என்றால் பூசாரி மாதிரியா?

இல்லை. எருசலேம் ஆலயம் கி.பி. 70-ல் ரோமர்களால் அழிக்கப்பட்டபோதே பலியும் பூசையும் நின்றுவிட்டன. ரபி என்பவர் படித்தவர், படிப்பிப்பவர், சமயச் சட்டத்தில் சந்தேகம் வந்தால் தீர்த்து வைப்பவர். தொழுகையை அவர்தான் நடத்த வேண்டும் என்ற கட்டாயம்கூடக் கிடையாது. தெரிந்தவர் யாரும் முன்னின்று நடத்தலாம். ஒரு ரபியின் பெருமை அவருடைய படிப்பில் இருக்கிறது. அதனால்தான் பெரிய ரபி ஒருவர் ஊருக்கு வருகிறார் என்றால், அவரிடம் உட்கார்ந்து ஏதாவது ஒரு பாடம் கேட்க வேண்டும் என்று ஜனங்கள் ஆசைப்படுகிறார்கள்.

பெயர் அட்டையில் பட்டம் போடுவதில்லையாமே?

ஆமாம். ரபி, பேராசிரியர், டாக்டர், பிரபு எதுவும் இருக்காது. வெறும் பெயர்தான். யாரும் ஆசிரியராகலாம், எல்லோரும் மாணவராக இருக்க வேண்டும் என்பது லிம்மூட்டின் அடிப்படைக் கொள்கை. காலையில் பாடம் நடத்திய ரபி மத்தியானம் இன்னொருவரின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்.

இதை ரபிகளுக்கு மரியாதைக் குறைவு என்று சிலர் நினைப்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. யூத மரபிலேயே இதற்கு நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. நெகாமா லைபோவிட்ஸ் என்று ஒரு பெரிய தோரா ஆசிரியை இருந்தார் (1905–1997). தோரா என்பது யூத வேதத்தின் முதல் ஐந்து நூல்கள். 1942-லிருந்து சுமார் 30 ஆண்டுகள், அந்தந்த வாரம் வாசிக்கும் தோராப் பகுதிக்குக் கேள்வித்தாள் தயாரித்து அனுப்புவார். விவசாயி, ராணுவ வீரர், குடும்பப் பெண் என்று யார் யாரோ பதில் எழுதி அனுப்புவார்கள், அவர் உட்கார்ந்து திருத்தித் திருப்பி அனுப்புவார். 1956-ல் இஸ்ரேல் பரிசு வாங்கியவர், பேராசிரியராக இருந்தவர். ஆனாலும் அவருடைய கல்லறையில் பெயருக்குக் கீழே ‘ஆசிரியை’ என்பதைத் தவிர வேறு பட்டம் எதுவும் இல்லை. அவர் விரும்பியது அதுதான்.

2013-ல் தலைமை ரபி வந்ததைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

இதற்குக் கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும்.

பிரிட்டனின் தலைமை ரபி என்பவர் பழைய சமயச் சட்டத்தை அப்படியே கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவைச் சேர்ந்த ‘யுனைடெட் சினகாக்’ என்ற பெரிய அமைப்பின் சமயத் தலைவர். வெளியுலகத்துக்கு அவர் பிரிட்டிஷ் யூதர்கள் எல்லோருக்கும் முகம் போலத் தெரிவார். ஆனால் காலத்துக்கேற்ப வழக்கங்கள் மாறலாம் என்கிற ரிஃபார்ம், லிபரல் பிரிவினர் அவரைச் சமயத் தலைவராக ஏற்பதில்லை. மிகக் கடுமையான ஆசாரம் பார்க்கிற ஹரேதி பிரிவினரும் ஏற்பதில்லை. லிம்மூட்டில் பல பிரிவினரும் ஒரே நிகழ்ச்சி நிரலில் பக்கத்துப் பக்கத்து அறையில் பாடம் நடத்துவார்கள். பெண் ரபியும் இருப்பார், ஓரினச் சேர்க்கையாளரான ரபியும் இருப்பார். அதனால் பிரிட்டனின் ஆர்த்தடாக்ஸ் ரபிகள் பலர் நீண்ட காலம் அந்தப் பக்கம் வராமலே இருந்தார்கள்.

ஜொனாதன் சாக்ஸ் தலைமை ரபி ஆவதற்கு முன்பு லிம்மூட்டுக்கு வந்திருக்கிறார். 1991-ல் பதவியேற்ற பிறகு 2013 வரை, பதவிக்காலம் முழுக்க, வரவே இல்லை. அவ்வளவு ஆழமாகவும் அழகாகவும் எழுதிய, பேசிய ஒரு மனிதர், தன் ஊரில் நடக்கும் ஆகப் பெரிய யூதக் கற்றல் விழாவில் இல்லை என்பது பலருக்கு ஆறாத வருத்தம்.

2013 செப்டம்பரில் எஃப்ராயிம் மிர்விஸ் பதவிக்கு வந்தார். தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர், அயர்லாந்தின் தலைமை ரபியாக இருந்தவர், பிறகு லண்டன் ஃபிஞ்ச்லியில் ஒரு தொழுகைக்கூடத்தின் ரபியாக இருந்துகொண்டே பெரியவர்கள் படிப்பதற்கான ஒரு கற்றல் மையத்தையும் நடத்தியவர். பதவியேற்ற கொஞ்ச நாளிலேயே, நான் லிம்மூட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். உடனே எதிர்ப்பு கிளம்பியது. லண்டன் ரபினிய நீதிமன்றத்தின் முன்னாள் தலைவர் ஹனோக் எரென்ட்ராய் உட்பட மூத்த ரபிகள் சிலர் சேர்ந்து பகிரங்கமாக ஒரு கடிதம் வெளியிட்டார்கள்: இதில் கலந்துகொண்டால் உண்மையான யூத சமயத்துக்கும் போலிக்கும் உள்ள கோடு அழிந்துபோகும் என்பது அதன் சாரம். மிர்விஸ் பின்வாங்கவில்லை. டிசம்பரில் வார்விக் பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்தார், பாடம் நடத்தினார். பதவியில் இருக்கும் தலைமை ரபி ஒருவர் லிம்மூட்டுக்கு வந்தது அதுதான் முதல் முறை. 2,000 பேருக்கு மேல் கூடியிருந்த விழா.

எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயமே இல்லையா?

இருக்கிறது. அதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஆர்த்தடாக்ஸ் ரபிக்குத் தோரா சீனாய் மலையில் கடவுள் தந்தது. அதன் சட்டம் மாறாது. அதை மனிதர்கள் காலப்போக்கில் எழுதியது என்று சொல்பவரும் தானும் ஒரே மேடையில் நின்றால், இரண்டும் சமமான இரண்டு கருத்து என்று பார்ப்பவர்கள் நினைத்துவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. இது வெறும் வீம்பு இல்லை, அவர் உயிரைக் கொடுத்துக் காக்கும் விஷயம். லிம்மூட்டும் தன் பங்குக்கு, எந்தச் சமய நிலைப்பாட்டையும் நாங்கள் அங்கீகரிக்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை என்று தன் கொள்கையிலேயே எழுதி வைத்திருக்கிறது.

இருந்தாலும் நான் மிர்விஸ் செய்தது சரி என்ற கட்சி. ஏனென்றால் இந்தச் சண்டை புதிது இல்லை. படிக்கும் இடத்தின் வாசலில் ஆள் நிறுத்துவதா வேண்டாமா என்ற சண்டை தல்மூத்திலேயே இருக்கிறது, பெராகோத் என்ற நூலின் 28-ஆம் ஏட்டில்.

யாவ்னே என்ற ஊரில் ரபான் கமாலியேல் கல்விக்கூடத்தின் தலைவர். உள்ளும் புறமும் ஒன்றாக இல்லாத மாணவன் உள்ளே வரக்கூடாது என்று அறிவித்து, வாசலில் காவலாளி போட்டிருந்தார். ரபி யோசுவா என்ற பெரிய அறிஞரோடு அவருக்குக் கருத்து வேறுபாடு. ஒரு நாள், இரவுத் தொழுகை கட்டாயமா விருப்பமா என்ற கேள்வியில் யோசுவாவை எல்லார் முன்னிலையிலும் எழுந்து நிற்க வைத்து, தான் உட்கார்ந்தபடியே பாடத்தை நடத்திக்கொண்டு போனார். ஏற்கெனவே இப்படி அவரை அவமானப்படுத்தியிருந்ததால் கூட்டத்துக்குப் பொறுக்கவில்லை. கமாலியேலைப் பதவியிலிருந்து இறக்கி, 18 வயது எலெயாசார் பென் அசரியாவைத் தலைவராக்கிவிட்டார்கள். அன்றைக்கே காவலாளியை எடுத்துவிட்டார்கள். மாணவர்கள் திமுதிமுவென்று உள்ளே வந்தார்கள். எத்தனை பெஞ்சு கூடுதலாகப் போட்டார்கள் என்பதிலும் தல்மூத்துக்குள் ஒரு விவாதம்: ஒருவர் 400 என்கிறார், இன்னொருவர் 700 என்கிறார். அதுவரை தீராமல் கிடந்த வழக்கு ஒன்றுகூட மிச்சமில்லாமல் அன்று தீர்ந்தது என்கிறது கதை.

கமாலியேலுக்கு மனசு கலங்கிவிட்டது. இத்தனை பேருக்குத் தோராவை நான் தடுத்து வைத்திருந்தேனோ என்று. இரவு ஒரு கனவு: வெள்ளைப் பானைகள், உள்ளே முழுக்கச் சாம்பல். வந்தவர்கள் வெளியே வெள்ளை, உள்ளே ஒன்றுமில்லை, நீ தடுத்தது சரிதான் என்று அவருக்கு ஆறுதல். ஆனால் தல்மூத் அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறது, அது உண்மையில்லை, அவர் மனசைச் சாந்தப்படுத்தக் காட்டியது மட்டும்தான் என்று.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதற்கப்புறம் வருகிறது. பதவி போன அன்றும் கமாலியேல் கல்விக்கூடத்தை விட்டு ஒரு நாழிகைகூட விலகவில்லை. தலைவராக இருந்தவர், தலைவராக இல்லாமல், அதே கூடத்தில் உட்கார்ந்து விவாதிக்கிறார். அம்மோனியனான யூதா என்ற மதம் மாறியவர் (அம்மோனியர் சபையில் சேரக்கூடாது என்று தோராவில் ஒரு விதி உண்டு) வந்து, நான் சபைக்குள் சேரலாமா என்று கேட்கிறார். கமாலியேல் கூடாது என்கிறார், யோசுவா கூடும் என்கிறார், வாதம் நடக்கிறது, யோசுவா ஜெயிக்கிறார், அந்த மனிதரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பிறகு கமாலியேல் மன்னிப்புக் கேட்க யோசுவாவின் வீட்டுக்குப் போகிறார். சுவரெல்லாம் கரி. சுவரைப் பார்த்தாலே நீர் கரித்தொழில் செய்பவர் என்று தெரிகிறது என்கிறார். யோசுவாவின் பதில் சுருக்கென்று தைக்கும்: உம்மைத் தலைவராகக் கொண்ட தலைமுறைக்கு ஐயோ, படித்தவர்கள் என்ன கஷ்டப்பட்டுப் பிழைக்கிறார்கள் என்றே உமக்குத் தெரியவில்லை. கடைசியில் சமாதானமாகி, கமாலியேல் மூன்று வாரம், எலெயாசார் ஒரு வாரம் என்று பாடம் நடத்த ஏற்பாடாகிறது.

இந்த ஏட்டைப் படித்த ஒரு ரபி, காவலாளி இல்லாத கூடத்துக்கு வந்து உட்காருவதில் அவருடைய நம்பிக்கை எதுவும் குறைந்துவிடாது என்று நான் நினைக்கிறேன். கமாலியேலின் சட்டக் கருத்துகள் எதுவும் அன்று மாறவில்லை. அதே கூடத்தில் அவர் வகித்த இடம்தான் மாறியது.

ஒரு வகுப்பு எப்படி நடக்கும்?

சில வகுப்புகள் சாதாரணச் சொற்பொழிவுதான். ஆனால் நல்ல ருசி தெரிய வேண்டும் என்றால் மூலத்தைக் கையில் வைத்துப் படிக்கிற வகுப்புக்குப் போக வேண்டும். உள்ளே நுழைந்ததும் ஒரு தாள் கொடுப்பார்கள்: ஒரு பக்கம் ஹீப்ருவோ அரமேயமோ, பக்கத்திலேயே ஆங்கிலம். நடத்துபவர் ஐந்து நிமிடம் அறிமுகம் செய்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து படியுங்கள் என்று விட்டுவிடுவார். இந்த இருவர் படிப்புக்கு ஹவ்ருத்தா என்று பெயர். ஒருவர் சத்தமாக வாசிப்பார், இன்னொருவர் நிறுத்தி, இந்த வரி போன வரியோடு ஒத்துப்போகவில்லையே என்பார். அறை முழுக்க இப்படி ஐம்பது பேர் ஒரே நேரத்தில் பேசினால் என்ன இரைச்சல் இருக்குமோ அத்தனையும் இருக்கும். இருபது நிமிடம் கழித்து எல்லோரும் சேர்ந்து பேசுவார்கள்.

இந்த முறையின் உயிர் எது என்று தெரிய ஒரு தல்மூத் கதை போதும். ரபி யோகனான், ரேஷ் லாகிஷ் இருவரும் இணைபிரியாத படிப்புத் தோழர்கள். ரேஷ் லாகிஷ் ஒரு காலத்தில் கொள்ளைக்காரர். கத்தி, வாள் இவையெல்லாம் எப்போது செய்து முடிந்த பொருளாகக் கணக்கு என்று விவாதம் வந்தபோது, யோகனான் வாய்தவறி, ‘கொள்ளைக்காரனுக்கு அவன் தொழில் தெரியாதா’ என்று சொல்லிவிட்டார். பேச்சு முற்றியது, மனம் முறிந்தது, ரேஷ் லாகிஷ் நோயில் விழுந்து இறந்தார். துக்கத்தில் இருந்த யோகனானுக்குத் துணையாக எலெயாசார் பென் பெதாத் என்ற கெட்டிக்காரரை அனுப்பினார்கள். யோகனான் எது சொன்னாலும், நீங்கள் சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது என்று அவர் எடுத்துக் கொடுத்தார். யோகனானுக்குத் தாங்கவில்லை: லாகிஷின் மகன் (ரேஷ் லாகிஷைத்தான் சொல்கிறார்) நான் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் 24 ஆட்சேபம் எழுப்புவான், நான் 24 பதில் சொல்வேன், விஷயம் தானாக விரியும், நீ ஆதாரம் இருக்கிறது என்கிறாய், நான் சொல்வது சரி என்று எனக்கே தெரியாதா? ஆடையைக் கிழித்துக்கொண்டு, எங்கே இருக்கிறாய் லாகிஷின் மகனே என்று கதறினார்.

ஆமாம் போடுகிற மாணவன் வேண்டாம், மறுத்துப் பேசுகிற தோழன் வேண்டும். பெரிய ரபி நடத்தும் வகுப்பிலும் இதுதான் நிலைமை. கை தூக்கி, எனக்கு இது ஒத்துவரவில்லை என்றால், அவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

சண்டை வராதா?

வரும். ஆளைத் தாக்கிப் பேசக்கூடாது என்பது விதி. சொர்க்கத்தின் பொருட்டு நடக்கும் விவாதம் நிலைக்கும் என்று மிஷ்னா (தல்மூத்துக்கு அடிப்படையான பழைய தொகுப்பு) சொல்கிறது; அதற்கு எடுத்துக்காட்டாக ஹில்லேல், ஷம்மாய் இருவரின் விவாதத்தைக் காட்டுகிறது. மூன்று ஆண்டு வாதாடிய அந்த இரு பள்ளிகளில் தீர்ப்பு ஏன் ஹில்லேல் பக்கம் போனது என்பதற்குத் தல்மூத் தரும் காரணம்: அவர்கள் சாந்தமானவர்கள், எதிர்த்தரப்பின் கருத்தையும் கற்பித்தார்கள், அதையும் தங்கள் கருத்துக்கு முன்னால் சொன்னார்கள். நம் பட்டிமன்றத்தில் கடைசியில் நடுவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார் இல்லையா, இங்கே பெரும்பாலும் தீர்ப்பே இருக்காது, சாப்பாட்டு வரிசையிலும் அதே பேச்சு ஓடும்.

பேசுபவர்களுக்குப் பணம் உண்டா? கட்டணம் எப்படி?

பாடம் நடத்துவதற்குச் சம்பளம் கிடையாது, எவ்வளவு புகழ்பெற்றவரானாலும். விழாவை நடத்துபவர்களும் பெரும்பாலும் தன்னார்வலர்கள்தான். நாற்காலி அடுக்குவதிலிருந்து நிரல் தயாரிப்பது வரை அவர்கள் வேலை. கலந்துகொள்பவர்கள் தங்குமிடம், சாப்பாடு சேர்த்துக் கட்டணம் கட்ட வேண்டும். அது குறைவு என்று சொல்ல முடியாது. வசதியில்லாதவர்களுக்கு உதவித்தொகை உண்டு.

பணம் இல்லாமல் படிப்பு தடைபடக்கூடாது என்பதற்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. ஹில்லேல் ஏழைத் தொழிலாளி, தினக்கூலியில் பாதியைக் கல்விக்கூட வாசலில் கட்டிவிட்டு உள்ளே போவார். ஒரு வெள்ளிக்கிழமை கூலி கிடைக்கவில்லை, காவலாளி விடவில்லை. கூரை மேல் ஏறி, வெளிச்சம் வரும் திறப்பில் காதை வைத்துப் பாடம் கேட்டார். பனி பெய்து மூடியதுகூடத் தெரியவில்லை. விடிந்த பிறகு செமாயா, அப்தலியோன் என்ற ஆசிரியர்கள், இன்று ஏன் இருட்டாக இருக்கிறது என்று மேலே பார்த்து, வேலை செய்யக்கூடாத ஓய்வுநாளாக இருந்தாலும் பரவாயில்லை என்று அவரைக் கீழே இறக்கி, குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, நெருப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

ஓய்வுநாள், சாப்பாடு எல்லாம்?

சாப்பாடு கோஷர், அதாவது யூத உணவு விதிகளின்படி செய்தது. விழா நாள்களுக்கிடையில் ஓய்வுநாள் வந்தால் பொது இடங்களில் அதன் விதிகளைக் கடைப்பிடிப்பார்கள். வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரை எழுதுவது, ஒலிவாங்கி, ஃபோன் எதுவும் இல்லாமல் வகுப்பு நடக்கும். ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்தனித் தொழுகை உண்டு; எதற்கும் போகாமலும் இருக்கலாம்.

ஹீப்ரு தெரியாது. யூதரும் இல்லை. வரலாமா?

வரலாம். யூதக் கல்வியில் ஆர்வம் உள்ள யாருக்கும் இடம் உண்டு. வகுப்புகள் நடக்கும் நாட்டின் மொழியில்தான் இருக்கும். அங்கே வரும் யூதர்களிலும் ஹீப்ரு எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுபவர்கள் நிறையப் பேர் உண்டு, அதனால் கூச்சப்பட ஒன்றுமில்லை. உங்களை யாரும் மதம் மாற்றவும் மாட்டார்கள். யூத சமயத்துக்கு அந்த வழக்கமே இல்லை, தானாக வந்து கேட்பவரையே தயங்கித் தயங்கித்தான் சேர்த்துக்கொள்வார்கள்.

பெண்கள் பாடம் நடத்துகிறார்களா?

நிறைய. லிம்மூட்டில் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். ஆர்த்தடாக்ஸ் உலகமும் வேகமாக மாறி வருகிறது. தினம் ஒரு ஏடு என்று தல்மூத்தின் 2,711 ஏடுகளையும் ஏழரை ஆண்டில் படித்து முடிக்கும் ‘டாஃப் யோமி’ என்ற திட்டத்தை 1923-ல் ரபி மெய்ர் ஷபிரோ வியன்னாவில் முன்வைத்தார். வெகுகாலம் அது ஆண்களின் உலகம். 2020 ஜனவரியில் எருசலேமில் அதன் நிறைவு விழாவைப் பெண்கள் தனியாக நடத்தியபோது அரங்கில் 3,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அந்தப் புகைப்படங்களைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

பிரிட்டனுக்குப் போக முடியாதவர்கள் என்ன செய்வது?

லிம்மூட் இப்போது பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, பழைய சோவியத் நாடுகள் என்று அந்தந்த ஊர்க்காரர்களே நடத்துகிறார்கள். சில ஊர்களில் ஒரே நாள் நிகழ்ச்சிதான். 2020-ல் கொரோனா காரணமாக விழா இணையத்துக்கு மாறியது.

அப்புறம், விழாவே இல்லாமலும் ஆரம்பிக்கலாம். செஃபாரியா என்ற இணையதளத்தில் தோரா, மிஷ்னா, தல்மூத் எல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலவசமாகக் கிடைக்கின்றன. நேராகத் தல்மூத்தில் குதித்தால் மூச்சு முட்டும்; மிஷ்னாவில் ‘பிர்கே அவோத்’ என்ற சின்ன நூலிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரு நண்பரைச் சேர்த்துக்கொண்டு வாரம் ஒரு பத்தி போதும். நீங்கள் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாத நண்பராகப் பார்த்துப் பிடியுங்கள்.